ஹெப்பகோடியில் யாருக்கு யார் நண்பர்?

போர்வெல் வற்றிவிட்டது, டேங்கர் யாரிடம் கிடைக்கும்? ஓசூர் ரோட்டில் ஏன் வண்டி நகரவில்லை? வாடகைக்கு வீடு இருக்கிறதா? பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடி போன்ற பகுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படித்தான் பேச்சு ஓடும். உலகத்தோடு பேசலாம் என்று வாங்கிய போனில் நாம் அதிகம் பேசுவது அடுத்த வீட்டோடுதான்.

இதற்குக் கணக்கே இருக்கிறது. டேவிட் லிபன்-நோவெல் உள்ளிட்ட ஐவர், லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் இருந்த சுமார் 5 லட்சம் அமெரிக்கர்களின் நட்பை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நட்பு, இருக்கும் இடத்தால் அமைந்தது. அதைவிடச் சுவையான செய்தி, கிலோமீட்டரை மட்டும் அளந்தால் போதாது என்பது. உங்களைவிட்டு ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைவிட, அவரைக் காட்டிலும் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். அந்த எண்ணிக்கை இரட்டித்தால் நட்புக்கான வாய்ப்பு பாதியாகிறது. ஆனேகல் பக்கத்துக் கிராமத்தில் 5 கி.மீ. தள்ளியிருப்பவரும் தெரிந்தவர். எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் ஹெப்பகோடியில், எதிர் பிளாக்காரரே அந்நியர். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் வந்து நகருக்குள் இருக்கும் ஆர்.வி. ரோடு கிட்டத்தில் வந்துவிட்டது; நட்புக் கணக்கை அது பெரிதாக மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மிச்சமுள்ள ஒரு பங்கு? பிழைக்க வந்தவர்கள் நிறைந்த நகரத்தில் அதிலும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும், சொந்த ஊர். 2012-இல் அசாம் கலவரத்தைத் தொடர்ந்து, பெங்களூரில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்தியாகப் பரவியது. ஆகஸ்ட் நடுவில் ஆயிரக்கணக்கானோர் குவஹாத்தி ரயில்களில் ஏறினார்கள். ஒரே நேரத்தில் 5-க்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு 15 நாள் தடை போட வேண்டியதாயிற்று. முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் இத்தனை பேர் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள், சொன்னவர் ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டும்.

நட்பு இடத்தை ஒட்டியே அமைவதால், நண்பர்களே நம் இடத்தைக் காட்டிக்கொடுப்பார்கள். லொகேஷனை அணைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். முகவரி தெரிந்த நண்பர்கள் 16 பேராவது இருந்தால், அவர்களை வைத்தே 69 சதவீதம் பேரின் இருப்பிடத்தை 40 கி.மீ. தொலைவுக்குள் கணிக்க முடிந்ததாக ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2010-இலேயே காட்டினார்கள். இணைய இணைப்பின் ஐ.பி. எண்ணை வைத்துக் கணித்தபோது 57 சதவீதம்தான் தேறியது.