இலவசம் என்றால் பெயரும் போய்விடுமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது கணிப்பொறித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் "ஓப்பன் சோர்ஸ்" என்ற சொல் அடிக்கடி அடிபடும். தமிழில் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அது என்னவென்று பெரியவர்களைக் கேட்டால், "இலவசமாகக் கிடைக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம், சொந்தக்காரர் கிடையாது" என்று பதில் வரும். முதல் இரண்டும் ஏறக்குறைய சரி. மூன்றாவது தவறு. அந்தத் தவறால் நம் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் தொல்லை வரக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மென்பொருள் என்பது மனிதர் எழுதும் வரிகள்தான். அவற்றுக்கு மூலநிரல் என்று பெயர். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தத்துக்குப் பின், கணிப்பொறி நிரலும் சட்டத்தின் கண்ணில் ஓர் இலக்கியப் படைப்பு. (கவிஞர்கள் கோபிக்க வேண்டாம்.) எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும்.

திறந்த மூலத்தில் எழுதியவர் இந்த உரிமையைத் துறந்துவிடுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்ன நிபந்தனைப்படி எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு" என்று அனுமதி தருகிறார். இந்த அனுமதிப் பத்திரமே உரிமம். உரிமங்கள் பலவகை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் காணப்படும் நிபந்தனை, பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக்கூடாது என்பது. ஜி.பி.எல். என்னும் உரிமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்கினால், அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும்.

நம் பெங்களூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டார்கள். ஏழை எளியவருக்காக நினைத்த கருவி. 2004-இல் அதன் ஒரு வடிவத்தைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து விற்பனைக்கும் வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. எழுத்தறியாதவருக்கும் பயன்படும்படி, எழுத்தைக் குரலாக்கும் "த்வனி" என்ற நிரலை அந்த முயற்சியில் எழுதினார்கள். பேராசிரியர் ரமேஷ் ஹரிஹரன் அதற்குத் தலைமை வகித்தார். நிரலை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார்கள்.

கருவி மறைந்தது, நிரல் மறையவில்லை. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் என்ற பொறியாளர் அதைப் பொறுப்பேற்று, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கு விரிவாக்கினார். 2008-இல் அதற்குப் பரிசும் கிடைத்தது. அவர் யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை. அனுமதி கேட்டு நடையாய் நடக்கவுமில்லை. உரிமமே அனுமதி. தொடங்கியவர் பெயரும் தொடர்ந்தவர் பெயரும் அந்த நிரலின் வரலாற்றில் இருக்கின்றன. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு "உபயம்" எழுதுகிறவர்களைக் கேலி செய்கிறோம். ஆனால் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிறவனை என்ன சொல்வது?

அப்படி ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ரயில் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. பொம்மை ரயில் ஓட்டுவது அங்கே பெரியவர்களின் பொழுதுபோக்கு. பல பொம்மை எஞ்சின்களுக்குள் டிகோடர் என்ற சிறு மின்னணுச் சில்லு இருக்கும். தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் புரிந்துகொண்டு வேகத்தையும் விளக்கையும் அதுவே கட்டுப்படுத்தும். சில்லுக்குச் சில்லு அமைப்பு வேறுபடுவதால், ஒவ்வொன்றுக்கும் விவரக் கோப்பு வேண்டும். ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவர் நண்பர்களும் இக்கோப்புகளைத் தயாரித்து இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். மாத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் அவற்றை எடுத்து, எழுதியவர் பெயர்களையும் பதிப்புரிமைக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டது. ஜேக்கப்சன் 2006-இல் வழக்குத் தொடுத்தார். "இலவசமாகக் கொடுத்த பொருளில் உமக்கு என்ன நஷ்டம்?" என்ற தொனியில்தான் எதிர்த்தரப்பு வாதாடியது. கீழ் நீதிமன்றம் தடையுத்தரவு தர மறுத்தது. ஆனால் 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் வாங்காவிட்டாலும் உரிமத்தின் நிபந்தனைகள் சட்டப்படி செல்லும், மீறினால் அது பதிப்புரிமை மீறலாகும் என்றது. 2010-இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து எதிர்த்தரப்பு சமரசம் செய்துகொண்டது.

ஆயிரம் பேர் சேர்ந்து எழுதினால் யார் எதை எழுதினார் என்று எப்படித் தெரியும்? ரயில்வே வரைபடங்களின் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் தேதியும் கையொப்பமும். மென்பொருளில் அந்த வேலையை "கிட்" என்ற கருவி செய்கிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது. எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் இன்னொருவர் என்றால் இரு பெயரும் தனித்தனியே பதிவாகும். லினக்ஸ் கருவின் பதிப்புரிமை எந்த ஒருவரிடமும் இல்லை. எழுதிய ஆயிரக்கணக்கானோரிடமும், பலர் விஷயத்தில் அவர்கள் நிறுவனங்களிடமும் பிரிந்து கிடக்கிறது.

நிறுவனம் என்றதும் நம் வீட்டு விஷயத்துக்கு வரவேண்டும். சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ஆனால் எழுதியவர் அவர்தான் என்பது மாறாது. உரிமை கைமாறிய பிறகும் "இது என் படைப்பு" என்று கோர 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயர் வேறு, சொத்து வேறு. இதை அறியாமல் அலுவலக நிரலை உற்சாகத்தில் திறந்த மூலமாக வெளியிட்டால், தன்னுடையதல்லாததைத் தானம் செய்ததாகிவிடும்.

கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் திறந்த மூல நிரலைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. மேலே இருக்கும் பெயரை நீக்கிவிட்டுத் தன் பெயரைப் போடுவதுதான் தவறு. உரிமக் கோப்பை அப்படியே விட்டு, எது பிறருடையது, எது தான் சேர்த்தது என்று அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் போதும். வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஓய்வு நேரத்தில் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்பதை நியமன ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயமிருந்தால், வெளியிடும் முன் நிறுவனத்தை மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.