பாட்டுப் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டலாமா?

பாட்டு ஒலிக்காத தோட்ட வீடு ஏது? ஒரு காலத்தில் வானொலி, பிறகு காசெட், அதன் பிறகு குறுந்தட்டு, இப்போது கைப்பேசி. வேலை முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, சற்றே சாயும் நேரத்தில் பிடித்த பாட்டு ஒன்று இனிமையாக ஒலித்தால் உடம்பு வலியில் பாதி பறந்துவிடும்.

அந்த ஆசையை நம்பித்தான் இப்போது ஒரு பொருள் கடைக்கு வந்திருக்கிறது. டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர் என்று பெயர். சுருக்கமாக 'டேக்' என்கிறார்கள். ஐம்பது வெள்ளிக்கும் கிடைக்கிறது. ஐம்பதாயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது! "அப்பா, இதை வாங்கி மாட்டினால் பாடகரே நம் வீட்டுக்குள் நின்று பாடுவது போல இருக்கும்" என்று பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தவணைத் தாளோடு வந்து நிற்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், அது என்ன பொருள், எதற்கு என்று நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே.

எண்ணாக இருக்கும் பாட்டு

கைப்பேசியிலும் குறுந்தட்டிலும் பாட்டு, பாட்டாக இருப்பதில்லை, எண்களாக இருக்கிறது. பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த குறுந்தட்டு 1982ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முறைப்படி ஒவ்வொரு விநாடி ஒலியையும் 44,100 தடவை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றில் நிற்கும். இதைத்தான் '16 பிட்' என்கிறார்கள்.

இதைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடலாம். எண்கள் என்பவை வாசலில் வைத்த புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் வழியே கம்பியை வளைத்து இழுத்துக் கோலத்தை முடிக்கும் கைதான் டேக். அது இல்லாமல் எந்தக் கைப்பேசியும் பாடாது. ஆகவே, உங்கள் கைப்பேசிக்குள்ளும் தொலைக்காட்சிக்குள்ளும் ஏற்கெனவே ஒரு டேக் இருக்கிறது. கடையில் விற்பது தனிப் பெட்டியில் அடைத்த இன்னொரு டேக், அவ்வளவுதான்.

'புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருந்த இசை தொலைந்து போகாதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். கேட்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியே ஒரே ஒரு கோலம்தான் போட முடியும் என்று அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1949இல் கணக்கோடு காட்டினார். 20,000இன் இரண்டு மடங்கு 40,000. குறுந்தட்டு அளப்பதோ 44,100. நடுவில் எதுவும் தொலைவதில்லை.

விலை ஏறினால் இனிமை ஏறுமா?

தொடக்கத்தில் இந்த வேலை சுலபமாக இருக்கவில்லை. 1982இல் வந்த பிலிப்ஸின் முதல் குறுந்தட்டு இயந்திரத்தில் 14 பிட் சில்லுதான் இருந்தது. வேறு உத்திகளைச் சேர்த்துத்தான் 16 பிட் வேலையை அதனிடம் வாங்கினார்கள். அந்த நாளில் நல்ல டேக் என்றால் விலை இருக்கத்தான் செய்தது. இன்றோ நகக்கண் அளவுச் சில்லு அந்த வேலையைச் சுத்தமாகச் செய்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்ற சுண்டுவிரல் நீள இணைப்பிக்குள்ளேயே டேக் இருக்கிறது. அது ஒலியில் சேர்க்கும் கலப்படம் லட்சத்தில் சில பங்குதான்.

மறுபக்கம், இங்கிலாந்தின் கார்ட் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015இல் 'டேவ்' என்ற டேக்கைச் சுமார் 8,000 பவுன் விலையில் கொண்டுவந்தது. நமது நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் ஒரு காசு தொடாமல் இரண்டு வருடம் சேர்த்தாலும் இந்தப் பெட்டிக்குப் போதாது!

அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நல்ல வேலைப்பாடுதான். அளவுக் கருவியை வைத்தால் வித்தியாசம் தெரியும். காதுக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

2007இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறுந்தட்டை விட உயர்ந்த தரத்தில் பதிவான இசையை அப்படியே ஒரு தடவையும், குறுந்தட்டுத் தரத்திற்கு இறக்கி மீண்டும் ஒலியாக்கி ஒரு தடவையும் போட்டுக் காட்டி, எது எது என்று கேட்டார்கள். 554 தடவை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்! 2016இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் என்ற பேராசிரியர் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். நூற்றுக்கு 52.3 சரி என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் இன்னும் சற்று நன்றாகவே கண்டுபிடித்தன. வித்தியாசம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஊசி முனையளவு.

'கடையில் கேட்டபோது அவ்வளவு நன்றாக இருந்ததே?' என்பீர்கள். சற்றே சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் நன்றாக இருப்பதாகத்தான் காது சொல்லும். விலைச் சீட்டைப் பார்த்த கண்ணும் அதற்கு ஒத்து ஊதும். ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எது ஒலிக்கிறது என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஒன்பது முறையாவது சரியாகச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

காசு போக வேண்டிய இடம்

கலப்படம் உண்மையில் சேருகிற இடம் ஒலிபெருக்கிப் பெட்டி. சாதாரணப் பெட்டி நூற்றில் ஒரு பங்கு கலப்படம் சேர்ப்பது சகஜம். அடித்தொனியில் அதற்கும் மேலே போகும். டேக்கின் கலப்படத்தைப் போல அது பல நூறு மடங்கு! எனவே கையில் இருக்கும் பணம் முதலில் நல்ல ஒலிபெருக்கிக்கே போகட்டும்.

அடுத்தது வீடு. சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். தடித்த திரை, தரை விரிப்பு, துணி மூடிய நாற்காலி இவை இருந்தால் பாட்டு தெளியும். பெட்டியை மூலையில் தள்ளி வைத்தால் அடித்தொனி வீங்கும். சுவரைவிட்டுச் சற்று முன்னே இழுத்து, உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும், எத்தனை ஆயிரம் வெள்ளி டேக்காக இருந்தாலும் மழைதான் ஜெயிக்கும்!

மூன்றாவது, பாட்டின் பதிவு. இரைச்சல் நீக்கும் வசதி இல்லாத சாதாரணக் காசெட்டில், இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையே சுமார் 50 டெசிபல்தான் இடைவெளி. குறுந்தட்டில் அது 96. பழைய காசெட்டிலிருந்து எடுத்த பாட்டில் இல்லாத தெளிவை எந்த டேக்காலும் புதிதாக உண்டாக்க முடியாது.

அப்படியானால் டேக் யாருக்கும் வேண்டாமா? வேண்டியவர்கள் உண்டு. கைப்பேசியில் ஒலிக் கம்பி செருகும் துளையே இல்லாதவர்கள், கணினியில் செருகினால் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்பவர்கள் ஒரு சிறிய டேக் வாங்கினால் பலன் உடனே தெரியும். ஐம்பது வெள்ளியிலிருந்து முந்நூறு வெள்ளிக்குள் போதும். அதற்கு முன், மின்னேற்றும் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் அந்தக் கம்பி வழியில்தான். அந்த ஐம்பது வெள்ளியும் மிச்சம்.

வசதி உள்ளவர்கள் வேலைப்பாட்டுக்காகவும் அழகுக்காகவும் விலை உயர்ந்ததை வாங்கட்டும். அது அவர்கள் விருப்பம். மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தும் நாம் மட்டும் அதற்காகக் கடன் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது பாட்டுப் பெட்டிக்கும் பொருந்தும்.