பாணும் வழுதுணங்காயும்

பாண் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சங்க நூல் பயின்ற புலவர் ஒருவரின் உள்ளத்தில் எழுவது இசை. யாழேந்தி ஊரூராய்ச் சென்ற பாணர் குடிக்கு அச்சொல்லே பெயர் தந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையின் பெயரிலும் அதுவே விளங்குகிறது. ஈழநாட்டுச் சிறுவனுக்கோ பாண் என்றால் காலையிற் கடைக்குச் சென்று வாங்கிவரும் உணவு. எழுத்தால் ஒன்றாகிய இவ்விரு சொற்களுக்கும் பிறப்பால் உறவு இல்லை. முன்னது பழந்தமிழ். பின்னது 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் நாவிலிருந்து நம் நாவுக்கு வந்தது. அவர்கள் சென்ற இடமெல்லாம் அச்சொல்லும் சென்றது. இந்தியாவின் மேற்குக் கரையில் அது பாவ் ஆயிற்று; ஜப்பானிற் பான் ஆயிற்று; சிங்களவரும் ஈழத்தமிழரும் ஏறக்குறைய ஒரே ஒலியோடு அதனை ஏற்றுக்கொண்டனர்.

பிறப்பில் உறவற்ற சொற்களை வழக்கு சில வேளைகளில் உறவாக்கி வைப்பதும் உண்டு. யான் ஆசிரியப் பணி புரியும் நாவுல, மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது. இதன் கிளைப் பாதைகளிற் காலையும் மாலையும் முச்சக்கர வண்டியொன்று பாண் ஏற்றி வரும். வருமுன்னரே அதன் ஒலிபெருக்கியிலிருந்து, ஜெர்மனிய இசைமேதை பீத்தோவன் 1810 இல் இயற்றிய ‘எலீசுக்காக’ என்னும் பியானோ இசை கேட்கும். ‘டியூன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திரித்து மக்கள் இதனைச் ‘சூன் பாண்’ என்பர். உண்ணும் பாண் இசைப்பாணோடு வீட்டு வாயிலுக்கு வருகிறது! மொழியாசிரியன் ஒருவனுக்கு இதனினும் இனிய காலைப் பாடம் வேறு யாது?

இப்பாணைத் துண்டமாக்கி வாட்டி, அதன்மேல் மென்மையான பாற்கட்டியைத் தடவி, நெருப்பிற் சுட்ட காய்களை அடுக்கி, உப்பும் மிளகும் தூவி உண்ணும் சிற்றுண்டி ஒன்று நகரத்து உணவகங்களில் இப்போது பரவி வருகிறது. விலை உயர்ந்தது, பெயரோ பிறநாட்டது. மாணவர் சிலர் அதனை மேனாட்டு நாகரிகம் என்று வியக்கின்றனர். முதியோர் சிலர் அதே காரணம் கூறி வெறுக்கின்றனர். வியப்பு, வெறுப்பு இரண்டும் ஆராயாமையின் விளைவே என்பது என் கருத்து. அவ்வுணவின் அமைப்பு நம் இலக்கியத்திற் போற்றப்பட்டது. அதற்கு வேண்டிய காய்களும் பாலும் நம் வீதியோரத்தில் உள்ளன. செய்முறையோ மிக எளிது.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று தமிழாசிரியர் பலரும் அறிந்தது. புல்வேளூரிற் பூதன் என்பவன் தமக்கு இட்ட உணவை அதில் அவர் பாராட்டுகிறார். அங்கே அறுசுவை உண்டியில்லை. வரகரிசிச் சோறு, வாட்டிய வழுதுணங்காய், நன்கு புளித்த மோர் ஆகிய மூன்றே உள்ளன. அன்போடு இட்ட அவ்வுணவுக்கு உலகம் முழுவதையுமே விலையாக மதிக்கிறார் ஔவையார். வழுதுணங்காய் என்பது நாம் இக்காலத்திற் கத்தரிக்காய் என வழங்குவதே. இனி, மூன்றையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். தானியம் ஒன்று, தீயில் வாடிய காய் ஒன்று, புளித்த பாற்பொருள் ஒன்று. வரகின் இடத்திற் பாணையும் மோரின் இடத்தில் மென்பாற்கட்டியையும் வைத்தால், நகரத்து உணவகம் விற்கும் சிற்றுண்டி தோன்றிவிடும்.

இவ்வாறு கூறுவதால், எல்லாம் எம்மிடமிருந்தே சென்றன என்னும் செருக்குக்கு யான் இடந்தரவில்லை. இத்தாலிய உழவர் பழம் பாணைத் தணலில் வாட்டி, வெள்ளைப்பூண்டு தேய்த்து, புதிதாக ஆட்டிய ஒலிவ எண்ணெய் வார்த்து உண்டனர். அவர்கள் அதற்கு இட்ட ‘புருஸ்கெத்தா’ என்ற பெயரும் தணலில் வாட்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்தே பிறந்தது. அவர்கள் ஔவையாரைக் கற்றவர் அல்லர். நாம் அவர்களைக் கண்டவரும் அல்லேம். எளியோர் வீட்டு அடுப்பு எந்நாட்டிலும் ஒரே வகையாகச் சிந்திக்கிறது என்பதே உண்மை. மேலும், கத்தரி நம் நிலத்துக்குப் பழையது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகின் காரத்தை ஒத்த காய் என்று கண்டு ‘மிளகாய்’ எனப் பெயரிட்டு அதனை நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது தமிழ். வந்ததை வரவேற்றுப் பெயர் சூட்டுவதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியன்றோ?

பெயர் பற்றிப் பேச்சு வந்தமையால் மற்றொன்றும் கூறல் வேண்டும். ‘சீஸ்’ என்பதைப் பாலாடைக்கட்டி என எழுதுவோர் பலர். பாலாடையாவது காய்ச்சிய பாலின்மேற் படரும் ஏடு. அவ்வுணவோ ஏட்டினால் ஆவதன்று. பால் திரைந்து, நீர் பிரிந்து, எஞ்சிய திரளால் ஆவது. ஆதலின் ஈழத்து வழக்காகிய பாற்கட்டி என்பதே பொருத்தம். அதுபோலவே தீயோடு தொடர்புடைய வினைகளுக்குத் தமிழிற் குறைவில்லை. சுடுதல், வாட்டுதல், வெதுப்புதல், வறுத்தல், வதக்குதல், பொரித்தல் என ஒவ்வொன்றும் வெப்பத்தின் ஒவ்வொரு நிலையைக் காட்டும். பாணை வாட்டுகிறோம், காயைச் சுடுகிறோம். வெதுப்பு என்னும் வினையினின்று ‘வெதுப்பகம்’ என்ற சொல்லை ஆக்கிப் பாண் சுடும் இடத்துக்குப் பெயராக வழங்கியதும் ஈழத்தமிழரே.

இனிச் செய்முறையைக் கூறுவேன். நால்வர்க்கு ஒரு றாத்தல் பாண் போதும். றாத்தல் என்பது அரபு நாட்டு அளவைப் பெயர். ஏறத்தாழ 450 கிராம். நேற்றைய பாண் இன்றைய பாணினும் நன்று. பாண் பழசாவது நீர் வற்றுவதால் மாத்திரம் அன்று. அதன் மாப்பொருள் மீண்டும் நெருங்கி இறுகுவதாலும் ஆகும். வெப்பம் அவ்விறுக்கத்தைத் தளர்த்துவதால், முதல்நாட் பாண் வாட்டியவுடன் உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் பெறும். விரற் பருமனுள்ள எட்டுத் துண்டங்களாக அரிந்து, தோசைக்கல்லிலோ தணலின்மேல் வைத்த கம்பி வலையிலோ இருபுறமும் பொன்னிறமாக வாட்டுக.

பாற்கட்டிக்குக் கடைத்தகரம் வேண்டா. எருமைப் பால் ஒரு லீற்றரைக் கொதிக்கவிட்டு இறக்கி, எலுமிச்சஞ்சாறு இரண்டு மேசைக்கரண்டியைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுக. புளிப்பு ஏற ஏறப் பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பசுமை கலந்த தெளிந்த நீர் பிரியும். தூய வெள்ளைத் துணியில் வடித்து அரைமணி நேரம் தொங்கவிட்டால் ஏறக்குறைய 200 கிராம் மென்பாற்கட்டி கிடைக்கும். பசும்பாலில் இவ்வளவு கிடையாது. பசும்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 4 அளவாயிருக்க, எருமைப் பாலில் அது 7 அல்லது 8 ஆதலே காரணம். பால் காய்ச்ச நேரமில்லாதோர் எருமைத் தயிர் அரைக் கிலோவைத் துணியிற் கட்டி இரவு முழுவதும் தொங்கவிடலாம். மேற்காசிய நாட்டார் ‘லப்னே’ என்று போற்றுவது இதுவே. மேனாட்டுப் பாற்கட்டிகள் பலவற்றில் இளங்கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறைபொருள் சேர்வதால் மரக்கறி உண்போர் தயங்குவர். புளிப்பினால் திரையும் இதில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. பிரிந்த நீரைக் கொட்டிவிடாது, ரொட்டிக்கு மாப் பிசையவோ சொதியிற் சேர்க்கவோ கொள்க.

காய்களுக்கு வருவோம். முற்றாத பெரிய கத்தரிக்காய் இரண்டு, தக்காளி மூன்று, கறிமிளகாய் நான்கு, பெரிய வெங்காயம் ஒன்று போதுமானவை. கத்தரிக்காயை முள்ளுக்கரண்டியாற் பல இடங்களிற் குத்தியபின்னரே தணலில் இடவேண்டும். இல்லையேல் உள்ளே எழும் நீராவி வெளியேற வழியின்றித் தோலை வெடிக்கச் செய்யும். திருப்பித் திருப்பி இருபது நிமிடம் சுட்டால் தோல் கருகி உள்ளே குழையும். தோலை உரித்து, உப்பும் சிறிது எலுமிச்சஞ்சாறும் கூட்டி மசித்துக்கொள்க. தக்காளியையும் கறிமிளகாயையும் தோல் கருகும் அளவே சுட்டு உரிக்க. வெங்காயத்தை வட்டமாக அரிந்து நல்லெண்ணெய் தடவி வாட்டுக. நீரில் அவிந்த காய்க்கு இல்லாத மணம் சுட்ட காய்க்கு வருவது எவ்வாறெனில், நீர் கொதிப்பது 100 பாகையில். காயின் மேற்புறம் நீர் வற்றி ஏறக்குறைய 140 பாகையை எட்டும்போதே அதன் சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து பழுப்பேறி மணம் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912 இல் இவ்வினையை விளக்கினார். வாட்டிய பாணின் பொன்னிறமும் இவ்வினையாலே பெரும்பாலும் அமைகிறது. பாண் சூடாயிருக்கும்போதே பாற்கட்டியைத் தடவி, காய்களை அடுக்கி, மிளகுதூள் தூவி உடனே பரிமாறுக. தாமதித்தாற் பாண் ஈரம் ஏறித் துவண்டுபோம்.

இத்துணை எளிய ஒன்றை இவ்வளவு விரித்துரைப்பானேன் எனச் சிலர் வினவலாம். காரணம் நாவுலவின் வீதியிலேயே உள்ளது. இப்பகுதியின் கத்தரியும் மிளகாயும் பெரிய வெங்காயமும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்கின்றன. 1999 இல் அது தொடங்கிய பின்னர் நாட்டின் மரக்கறி வணிகத்துக்கே அது நடுவிடமாயிற்று. ஆயினும், எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே காய்க்கும் காலத்தில் விலை வீழ்கிறது. ஏற்றுகூலிக்கும் போதாத விலையைக் கண்ட உழவன் காயைச் செடியிலேயே வாடவிடுகிறான். அதே வாரத்தில், அதே வீதியால், வெறுந்தேநீரும் ஒரு துண்டுப் பாணும் மாத்திரம் உண்ட பிள்ளை பள்ளிக்கு வருகிறது. முதற்பாட வேளை முடியுமுன் அப்பிள்ளையின் கண் சோர்வதை ஆசிரியர் எவரும் அறிவர். ஒருபுறம் உண்பாரற்ற காய். மறுபுறம் காயற்ற பாண். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில நூறு கெஜந்தான். பிள்ளையின் பாணோடு சுட்ட காயும் ஒரு கரண்டித் தயிர்த்திரளும் சேருமாயின், அது வயிற்றை அடைக்கும் பண்டமாகாது உடலை வளர்க்கும் உணவாகும்.

பாணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கோதுமை நம் மண்ணின் விளைபொருள் அன்று. 1942 இற் பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, கோதுமை மா அவ்விடத்தை நிரப்பலாயிற்று. 1970களிற் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். 1980 இல் திருகோணமலையில் மா ஆலை எழுந்தபின்னரும் அங்கு அரைபடும் தானியம் கப்பலிலேயே வருகிறது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை ஏற, எளியவன் உணவென்று பெயர்பெற்ற பாணே எளியவனுக்கு அரிதாயிற்று. கப்பலை நம்பிய காலையுணவு கப்பலோடு தள்ளாடும் என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

ஆதலின், பாண் கிடைக்கும்போது பாண், கிடையாதபோது குரக்கன். மாத்தளை மாவட்டத்துச் சேனைகளில் விளையும் குரக்கனை மாவாக்கி, தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துத் தட்டிய ரொட்டியின்மேல் இதே பாற்கட்டியையும் இதே சுட்ட காய்களையும் வைத்து உண்டு பாருங்கள். வரகைப் போலவே குரக்கனும் சிறுதானியம். அப்போது புல்வேளூர்ப் பூதன் இட்ட உணவுக்கு நாம் இன்னும் ஒரு படி அண்மையில் நிற்போம்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஔவையாரின் அத்தனிப்பாடலைக் கற்பிக்கும் நாளில், மனைப்பொருளியல் ஆசிரியரையும் துணைக்கு அழையுங்கள். கத்தரிக்காய் இரண்டைப் பள்ளி அடுப்பிற் சுடுங்கள். தயிரைத் துணியிற் கட்டும் வேலையை முதல்நாளே மாணவரிடம் விடுங்கள். சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னால் வழுதுணங்காய் என்பதை மறுவாரமே மறக்கும் மாணவன், தன் கையாற் சுட்டு உரித்து உண்டபின் அதனை ஒருநாளும் மறவான். அவன் தந்தையின் தோட்டத்தில் விலைபோகாது கிடக்கும் காயை ஒரு பெரும் புலவர் பாடினார் என்பதையும் அவன் அறிந்துகொள்வான். அவ்வறிவும் அவனுக்கு வேண்டிய ஊட்டமே.