‘திருநின்றவூர் நிக்குங்க’

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் செல்லும் லோக்கல் வண்டிகளில் எல்லா ஸ்டேஷனிலும் சாவகாசமாக நின்று போவனவும், முக்கியமான ஊர்களில் மட்டும் நின்று மற்றவற்றைக் கடந்து ஓடுவனவும் உண்டாதலால், வேப்பம்பட்டுக்குப் போகவேண்டியவர் ஜன்னலோரத்தில் இருப்பவரை நோக்கி, “இது வேப்பம்பட்டு நிக்குமா சார்?” என்று கேட்பதும், அவர் “திருநின்றவூர் நிக்குங்க” என்பதும், கேட்டவர் படியில் வைத்த காலை எடுத்துக்கொள்வதும் சர்வ சாதாரணமான சம்பாஷணை.

இதில் மறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. கேட்டது ஓர் ஊர், சொன்னது வேறோர் ஊர் என்று தர்க்க சாஸ்திரி ஒருவர் ஆட்சேபிக்கவும் கூடும். ஆயினும், திருநின்றவூருக்கு அடுத்தது வேப்பம்பட்டு என்பதை இருவரும் அறிந்திருப்பதாலும், நிற்குமாயின் ‘நிக்கும்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார் என்று கேட்டவர் ஊகிப்பதாலும், சொல்லாத மறுப்பு சொன்னதைப் போலவே விளங்கிவிடுகிறது. அவசரமென்றால் முந்தின ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம் என்ற யோசனையும் உடன் கிடைக்கிறது. தடத்துக்குப் புதியவரோ அதே வாக்கியத்தை நம்பி ஏறிவிடவும் கூடும்!

சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் இயற்றிய நன்னூல், விடையை எட்டாக வகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்று நேரடி விடைகளுக்கு அப்பால், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாகும் என்கிறது. ஜன்னலோரத்தவர் சொன்னது, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி. “பின்னாடி வர்றதுல வாங்க” என்றிருந்தால் ஏவல், “பாஸ்டுன்னு போட்டிருக்கே, பாக்கலையா?” என்றிருந்தால் வினா எதிர் வினாதல்.

மேனாட்டுத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ், 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், பேசுவோர் ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்தே குறிப்புப் பொருள் பிறக்கிறது என்று விளக்கினார். நாம் அன்றே சொல்லிவிட்டோம் என்று மார்தட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. பவணந்தியார் வகைகளைக் கண்டு பெயரிட்டார், அவை பொருள் தரும் காரணத்தைக் கிரைஸ் ஆராய்ந்தார்.

எனினும் கிரைஸின் விளக்கத்துக்கு எளிதில் அகப்படாத விசேஷங்கள் நம் வீடுகளில் உண்டு. “காபி சாப்பிடறீங்களா?” என்பது, கொடுக்கும் எண்ணத்தோடு கேட்கும் கொடை வினா. “இப்பத்தான் வீட்ல...” என்று விருந்தினர் இழுப்பது உற்றது உரைத்தல், இலக்கணப்படி அது மறுப்பு. ஆனால், அதை மறுப்பென்றே எடுத்துக்கொண்டு டம்ளரைக் கழுவாமல் இருந்துவிடும் வீட்டுக்காரரை நம் ஜனங்கள் மன்னிப்பதில்லை. முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது சந்தேகம், மூன்றாவதே விடை. இந்தக் கணக்கை எந்தச் சூத்திரமும் எழுதிவைக்கவில்லை.

இத்தனை ஜீவனுள்ள பாடத்தை, வினா ஆறு, விடை எட்டு என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைப்பது அநியாயம். தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தப் பாடம் வரும் வாரத்தில், கடையிலும் பிளாட்பாரத்திலும் காதில் விழுந்த பத்து வினா விடைகளை மாணவர்கள் எழுதிவரட்டும், பரீட்சையிலும் அவற்றிலிருந்தே கேளுங்கள்.