நிரற்களஞ்சியத்தை நீக்குமாறு

பண்டைநாளில் ஒரு நூலைப் படியெடுத்தல் என்பது, முன்னுள்ள ஏட்டின் முடிந்த வடிவை மட்டும் பார்த்தெழுதுதலேயாம். அதனை எழுதினோன் எவ்விடத்தில் ஐயுற்று நின்றான், எச்சொல்லை நீக்கி எச்சொல்லை வைத்தான் என்பனவெல்லாம் படியில் வாரா. இக்காலத்துக் கணினி நிரல்களைப் படியெடுக்கும் முறையோ வேறு. 2005-ஆம் ஆண்டில் லினஸ் டார்வால்ட்ஸ் என்பார், லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியைப் பலர் கூடி எழுதுதற்பொருட்டு 'கிட்' என்னும் கருவியை இயற்றினார். அக்கருவியால் ஒரு நிரற்களஞ்சியத்தை நம் கணினிக்கு இறக்குவோமாயின், அதன் இன்றைய வடிவோடு, யார் எவ்வரியை என்று மாற்றினர் என்னும் வரலாறும் உடன் வந்துவிடுகின்றது. அங்ஙனம் வந்ததனைப் பின்னர்க் கணினியினின்றும் நீக்குதல் எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் ஆவதென்னை என நண்பர் சிலர் வினவக்கூடும். 'ஓப்பன்-தமிழ்' என்றொரு களஞ்சியம், எழில் மொழி அறக்கட்டளையின் பெயரால் கிட்ஹப் தளத்தில் யாவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளது. பைத்தான் என்னும் நிரல்மொழியில் தமிழைக் கையாளுதற்கு உரியது அது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று விடைகூறும். யூனிகோடு முறையில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள் அச்சொல்லில் இருத்தலே அதற்குக் காரணம். தொல்காப்பியம் பயின்ற நமக்கோ அது மூன்றெழுத்துச் சொல். இவ்விரண்டற்கும் உள்ள பிணக்கைத் தீர்த்து, எழுத்தை எழுத்தாகவே எண்ணித் தருவது ஓப்பன்-தமிழ். யாப்பிலக்கணம் பயில்வோர்க்கு இஃது எத்துணைப் பயன்படும் என்பதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மதுரையின் வடமேற்கே ஆனையூரில் உள்ள எம் இல்லத்துக் கணினியில் இக்களஞ்சியத்தை இறக்கி வைத்திருந்தோம். அதனோடு, அப்பக்கத்து முதியோரிடம் கேட்டுத் தொகுத்த நீர்ப்பாசனச் சொற்களின் பட்டியல் ஒன்றனையும் அதே கோப்புறையில் இட்டிருந்தோம். கம்மாய், கலுங்கு, மடை என்பன போன்ற சொற்கள் அவை. எழுத்தெண்ணியும் அகரநிரற்படுத்தியும் பார்த்தற்கு அவ்விடமே வசதியாயிருந்தது. நாளடைவில் கணினியில் இடம் நிரம்பிவிட்டமையால், களஞ்சியத்தை நீக்குதல் வேண்டுமென்னும் நிலை நேர்ந்தது.

நீக்குதற்கு ஆகும் உழைப்பு மிகச் சிறிது. கிட் என்பது தான் இறக்கிய களஞ்சியத்தைக் கணினியின் பல மூலைகளிலும் பரப்பி வைப்பதன்று. எல்லாம் ஒரே கோப்புறைக்குள் அடங்கும். வரலாறு முழுவதும் அதனுள்ளே பெயருக்கு முன் ஒரு புள்ளியிட்ட 'கிட்' என்னும் மறைந்த உட்கோப்புறையில் இருக்கும். ஆதலின், மேற்கோப்புறையை அழித்தால் படி ஒழிந்தது. தனியாக 'நீக்கு' என்று ஒரு கட்டளையைக் கிட்டினிடம் தேடி அலைவோர் உளர். அங்ஙனம் ஒன்று இல்லை. மறைந்த உட்கோப்புறையை மட்டும் அழித்தால் கோப்புகள் நிற்கும், வரலாறு போய்விடும். அதனை விட்டுக் கோப்புகளை மட்டும் அழித்தாலோ, இடம் முழுவதும் மீளாது. பதிவுற்ற கோப்புகளை அவ்வரலாற்றிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும்.

இனி, நம் படியை அழித்தலால் கிட்ஹப்பில் உள்ள மூலத்திற்கு ஏதேனும் ஊறு நேருமோ என்று அஞ்சுவார்க்கு ஒன்று கூறுவோம். யாதும் நேராது. அங்கிருப்பது அங்கேயே இருக்கும். அதனை இறக்கிய பிறர் படிகளும் அவ்வாறே நிலைபெறும். ஓப்பன்-தமிழை நாம் நூறுமுறை அழித்து நூறுமுறை மீளப் பெறலாம்.

அஞ்சவேண்டிய இடம் வேறு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழஞ்சுவடிகளைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை முன்னரே நெருப்பிலிடப்பட்டன என்று கேட்டு உளம் நொந்ததனைத் தம் எழுத்திற் பதிந்துள்ளார். வேறு படி இல்லாததன் அழிவே அழிவு. நம் கோப்புறையில் பிறர் எழுதிய நிரல் உலகெங்கும் உள்ளது. நாம் சேர்த்த சொற்பட்டியலோ அங்கு மட்டுமே உள்ளது. இரண்டும் ஒரே கோப்புறையிற் கிடத்தலால், ஒன்றை அழிக்கும் கை மற்றொன்றையும் அழித்துவிடும். எனவே, அழிப்பதற்கு முன் 'இங்கு மட்டுமே உள்ளது யாது?' என்று தேடுதலே இவ்வேலையின் பெரும்பகுதி என்று கருதுகின்றோம்.

இத்தேடலில் முதற்படி 'கிட் ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளை. பதியப்படாத திருத்தங்களையும் புதிய கோப்புகளையும் அது காட்டும். யாதும் இல்லையாயின், 'வொர்க்கிங் ட்ரீ க்ளீன்' என்று ஆங்கிலத்தில் விடையிறுக்கும். பலர் அம்மொழியைக் கண்டவளவிலே மனம் அமைந்து அழித்துவிடுவர். அஃது ஆகாது. கிட் புறக்கணிக்க வேண்டிய கோப்புகள் இன்னவை என்று ஒரு பட்டியல் பெரும்பாலான களஞ்சியங்களில் உண்டு. நம் சொற்பட்டியல் அதனுள் அடங்கும் பெயருடையதாயின், அக்கட்டளை அதனைப் பற்றி வாய் திறவாது. 'இக்னோர்டு' என்னும் விருப்பத்தையும் உடன்சேர்த்துக் கேட்டாலன்றி அது வெளிப்படாது. அன்றியும், திருத்தங்களை இடையே ஒதுக்கிவைக்கும் 'ஸ்டாஷ்' என்பதொன்று உண்டு. அதில் வைத்தவை நம் கணினியை விட்டு ஒருநாளும் தாமாக வெளியேறுவன அல்ல. 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' என்று வினவியே அவற்றை அறிதல் வேண்டும்.

பதிந்து முடித்தும் அனுப்பாதவை மூன்றாம் வகை. பதிதல் என்பது நம் கணினிக்குள் நிகழ்வது. மேலே அனுப்புதல் வேறொரு செயல். 'கிட் பிராஞ்ச்' என்பதனோடு ஒரு சிறுகோடும் இரண்டு 'வீ' எழுத்தும் சேர்த்துக் கேட்டால், கிளைகள் எல்லாம் நிரலாகத் தோன்றும். ஒரு கிளைக்கு எதிரே 'அஹெட்' என்னும் சொல்லும் ஓர் எண்ணும் நின்றால், அத்தனை பதிவுகள் இன்னும் அனுப்பப்படவில்லை என்பது பொருள். தொலைவிலுள்ள கிளையொன்றன் பெயரே எதிரில் இல்லையாயின், அதிலுள்ளன வேறெங்கும் இல்லாமலிருக்கலாம் என்று கொண்டு ஆராய்க.

இவ்வாறு கண்டவற்றை எங்கே காப்பது? நிரலில் செய்த திருத்தமாயின், கிட்ஹப்பில் நம் கணக்கில் ஒரு படி அமைத்து ஆங்கு அனுப்பலாம். எம் பட்டியலை யாம் அங்ஙனம் அனுப்பவில்லை. சொல் கூறிய முதியோரின் பெயரும் தெருவும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன; பொதுவிடத்தில் வைக்க அவர்கள் இசைவைக் கேட்டிலோம். ஒரு பென் டிரைவிற் படியெடுத்து, அதனைத் திறந்து, இறுதிச் சொல்வரை வந்துள்ளதா என்று பார்த்த பின்னரே மேலே சென்றோம்.

அழிக்குங்கால், அக்கோப்புறையைத் திறந்துவைத்திருக்கும் தொகுப்பானையும் கட்டளைச் சாளரத்தையும் மூடுதல் வேண்டும். இல்லையேல் விண்டோஸ் 'பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும். விண்டோஸில் வழக்கமாக அழிப்பவை முதலில் மறுசுழற்சித் தொட்டியிற் சேரும். தொட்டியை வெறுமையாக்கும்வரை இடம் மீளாது. லினக்ஸ் கட்டளைச் சாளரத்தில் 'ஆர்எம்' என்பதனால் அழித்தால் தொட்டியும் இல்லை, மீட்சியும் எளிதன்று. ஆகவே, எக்கோப்புறையில் நிற்கின்றோம் என்பதனை ஒருமுறைக்கு இருமுறை நோக்குக. கோப்புறை ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்போடு பிணைந்ததாயின், இங்கு அழித்தது அங்கும் அழியும்.

கோப்புறைக்கு வெளியே எஞ்சுவனவும் சில உள. 'பிப்' என்னும் கருவியால் ஓப்பன்-தமிழைப் பைத்தானில் நிறுவியிருந்தால், அது வேறிடத்தில் இருப்பதாகலின், 'பிப் அன்இன்ஸ்டால்' என்று தனியே நீக்குதல் வேண்டும். திருத்தியபடியே பயன்படுத்துதற்காக அக்கோப்புறையையே சுட்டி நிறுவியிருப்பின், இல்லாத இடத்தைச் சுட்டும் குறிப்பொன்று நின்று பின்னர்ப் பிழை காட்டும். கிட்ஹப்பில் நுழைதற்குரிய அடையாளமும் விண்டோஸில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்னும் பகுதியில் தங்கியிருத்தல் கூடும். களஞ்சியம் போன பின்னும் அது போகாது. பலர் புழங்கும் கல்லூரி ஆய்வகக் கணினியாயின், கோப்புறையைத் தொடுவதற்கு முன்னரே அப்பதிவைத் தேடி நீக்கிவிடுதல் நன்று.