ஆடியில் ஆபரேஷன், தையில் கபடி: இடையில் ஊர் ஜிம்

கபடியில் கால் பிடிபட்டுத் திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’பென்று கேட்கும். அடுத்த சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார்கள் ஊரில். ஸ்கேன் பார்த்த டாக்டர், ஏ.சி.எல். என்ற நார் அறுந்துவிட்டது என்கிறார். ஆபரேஷனில் பெரும்பாலும் அதே ஆளின் தொடைக்குப் பின்னாலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் வைக்கிறார்கள்.

புதிதாக வைத்த அந்த நாண் நாளுக்கு நாள் நேராக பலம் கூடிக்கொண்டே போவதில்லை. உடல் முதலில் அதைப் பிரித்து, புதிய இரத்தக் குழாய்களை உள்ளே அனுப்பி, பிறகுதான் மெல்ல நாராக மாற்றுகிறது. அதனால் ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி போய், நடை சரியாகி, மாடிப்படி ஏற முடிகிற காலமும் அதே காலம்தான். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஜிம்முக்குக் கிளம்புவதும் அப்போதுதான்.

கிளம்புவது தவறில்லை, கிளம்பத்தான் வேண்டும். ஆபரேஷன் ஆன காலின் தொடை பார்த்தாலே தெரியும் அளவுக்கு இளைத்திருக்கும். வீட்டில் ரப்பர் பட்டையை இழுத்து அதை முழுதாக மீட்க முடியாது, எடை வேண்டும். பிசியோ இருப்பது நகரத்தில், பஸ்ஸில் போய்வர அரை நாள் ஆகிறது என்றால், கடைத்தெரு மாடியில் இருக்கும் சின்ன ஜிம்மே போதும். என்ன செய்யலாம் என்பதை முட்டியிடமிருந்தும், எதில் செய்யலாம் என்பதை ஜிம்மிடமிருந்தும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் பாதுகாப்பாகவே செய்யலாம்.

முதலில் முட்டி. எந்த நாணை எடுத்தார்கள், உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டையும் தைத்தார்களா, எடை வைத்து எத்தனை டிகிரி வரை மடக்கலாம், எந்தப் பயிற்சி கூடாது என்பதை டாக்டரிடமோ பிசியோவிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தட்டைத் தைத்திருந்தால் எடையோடு ஆழமாக மடக்குவது சில மாதங்களுக்குக் கூடாது. பக்கத்துத் தெருக்காரர் அதே ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் மாதமே பஸ்கி போட்டார் என்பது உங்கள் முட்டிக்குப் பொருந்தாது.

அடுத்து ஜிம். ஒருநாள் சும்மா போய்ச் சுற்றிப் பாருங்கள். கேபிள் மெஷினில் கம்பி கப்பியின் மேல் வளையும் இடத்தையும், கொக்கியோடு சேரும் முனையையும் விரலால் தொடாமல் கண்ணால் பாருங்கள். பிளாஸ்டிக் உறை வெடித்து உள்ளே எஃகு இழை தெரிந்தால் அந்த மெஷினே வேண்டாம். எடையை நிறுத்தும் பின்னுக்குப் பதில் போல்ட்டைச் செருகியிருந்தாலும் அப்படித்தான். லெக் பிரஸ்ஸில், பாதியில் கால் சோர்ந்தால் பலகையைத் தாங்கும் தடுப்பு இருக்கிறதா, அதன் கைப்பிடி சுலபமாகத் திரும்புகிறதா என்று காலியாக வைத்தே சோதியுங்கள். டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டியிருக்கும் இடத்தில் ஒற்றைக்கால் பயிற்சி செய்யாதீர்கள். கூட்டமில்லாத நேரம் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள் காத்து நிற்கும்போது யாராலும் நிதானமாகச் செய்ய முடியாது.

லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடை இளைத்தவரை எல்லோரும் முதலில் அதில்தான் உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்து காலை நீட்டும்போது, கடைசி நாற்பது டிகிரி அளவில், தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் வேலை புது நாணின் தலையில் விழுகிறது. பிசியோக்கள் இதே பயிற்சியைக் குறிப்பிட்ட வாரத்துக்குப் பிறகு, பாதி தூரம் மட்டும் நீட்டும்படி தருவதுண்டு. அதற்கு நீட்டும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு மெஷினில் இருக்க வேண்டும், ஊர் ஜிம்மில் பெரும்பாலும் இருக்காது. அனுமதி வரும்வரை அதை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது, அனுமதித்த கோணத்துக்குள் லெக் பிரஸ் என்று போகலாம். இதற்கெல்லாம் பெரிய மெஷின் தேவையில்லை.

மெஷினில் எழுதியிருக்கும் கிலோவை நம்பாதீர்கள். கப்பி கூடக் கூட கையில் வரும் எடை மாறும். எண்ணெய் காணாத தண்டவாளம் ஏற்றும்போது முரண்டு பிடிக்கும், இறக்கும்போது வேறு மாதிரி இருக்கும். லெக் பிரஸ் பலகையே தட்டு ஏதும் போடாமல் முப்பது நாற்பது கிலோ இருக்கலாம். தட்டுகளும் பெரிய பெரிய தாவலாகத்தான் கிடைக்கும். ஆகவே எடையைக் கூட்டுமுன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதற்கும் முன்னால், இறக்கும் வேகத்தை மூன்று வினாடிக்கு இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகச் செய்வதும் முக்கியம். இரண்டு காலையும் சேர்த்துச் செய்தால் நல்ல கால் சத்தமில்லாமல் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும்.

செய்தது சரியான அளவா என்பதை மறுநாள் காலை முட்டியே சொல்லும். முட்டிச் சில்லின் நடுவே தையல்காரர் டேப்பைச் சுற்றி, பயிற்சிக்கு முன்பும் மறுநாள் காலையிலும் அளந்து எழுதுங்கள். சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகம் என்று பொருள். நீர் கோர்த்த முட்டி தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே மட்டுப்படுத்திவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால், இரண்டு வரை கவலையில்லை. மூன்றிலிருந்து ஐந்து வரை, மறுநாள் காலைக்குள் தணிந்தால் சரி. அதற்கு மேல் போனால் அங்கேயே நிறுத்த வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவது மட்டும் கூடவே கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ, முட்டி பாதியில் பூட்டிக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜிம் மாஸ்டரிடம் மறைக்க வேண்டாம். “தம்பி, இன்னும் ரெண்டு தட்டு போடு” என்று அவர் அக்கறையோடுதான் சொல்வார். “இல்லைங்க மாஸ்டர், டாக்டர் அறுபது டிகிரி வரைக்கும்தான் மடக்கச் சொல்லியிருக்கார். முட்டி உள்பக்கமா சாயுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அதைப் பார்க்கும் கண் அனுபவமுள்ள மாஸ்டர்களுக்கு நன்றாகவே உண்டு. முட்டியைக் கையால் அழுத்தி மடக்கிவிட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

களத்துக்கு எப்போது திரும்புவது? நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி காயம்படும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆடியில் ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதம் சித்திரையில்தான் நிறையும். தை மாதப் போட்டியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுங்கள்.

மாதக் கணக்கு மட்டும் போதாது, ஆபரேஷன் ஆன கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். இதைப் பார்க்க ஊர் ஜிம்மின் பழைய லெக் பிரஸ்ஸே ஓரளவு உதவும். அதன் கிலோ பொய்யாக இருந்தாலும் இரண்டு காலுக்கும் ஒரே பொய்தான். ஒரே நாளில், ஒரே தட்டு, ஒரே தூரம் வைத்து, தடுமாறாமல் எத்தனை முறை தள்ள முடிகிறது என்று ஒவ்வொரு காலுக்கும் எண்ணுங்கள். நல்ல கால் பன்னிரண்டும் மற்றது எட்டும் தள்ளினால் இன்னும் வேலை இருக்கிறது. இரண்டும் சமமாக வந்தபின் அந்தத் தாளோடு பிசியோவிடம் போங்கள். குதிப்பதையும் திரும்புவதையும் அவர்தான் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.