சுவருக்குள்ள பைப் எங்க போகுது? போட்டோ இருக்கு... ஆனா யார் போன்ல?

குடியேறி எட்டு மாதமான புது வீடு. பாத்ரூமில் கீசர் மாட்ட வந்தவர், டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைப்பதற்கு முன் கேட்கிறார்: “சார், இந்தச் சுவர்ல தண்ணி பைப் எந்தப் பக்கம் போகுது?”

வீட்டுக்காரர் பிளம்பிங் கான்ட்ராக்டருக்கு போன் போடுகிறார். “பூச்சுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கோம் சார். அஞ்சு நிமிஷம்... அனுப்பிடுறேன்.” அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாகிறது. போட்டோ எடுத்த பையன் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம். வாட்ஸ்அப் குரூப்பில் மேலே தள்ளத் தள்ள குட் மார்னிங் ரோஜாப்பூக்கள்தான் வருகின்றன. ஒருவழியாக அந்தப் படம் கண்ணில் பட்டு, அதைத் தொட்டால் ‘அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்’ என்கிறது போன். பொறுத்துப் பார்த்த கீசர்காரர், குத்துமதிப்பாக ஓர் இடத்தில் டிரில்லை அழுத்துகிறார். அடுத்த நொடி பாத்ரூமே நனைகிறது.

பிளம்பிங், வயரிங், வாட்டர் ப்ரூஃபிங், சோலார் பேனல் என்று ஐந்தாறு பேரை வைத்துத் தொழில் நடத்தும் யாரிடம் கேட்டாலும் இதுபோல ஒரு கதை இருக்கும். இவர்களின் வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாதது. பூச்சு பூசிவிட்டால், டைல்ஸ் ஒட்டிவிட்டால், செய்த வேலைக்குச் சாட்சி போட்டோ மட்டும்தான். கடைசி பில்லை வாங்கித் தருவதும் அதுதான், ‘நீங்க சரியா பண்ணலை’ என்று வாடிக்கையாளர் சொல்லும்போது காப்பாற்றுவதும் அதுதான்.

வாட்ஸ்அப் குரூப் பீரோ இல்லை!

சைட்டில் எடுக்கும் போட்டோ நேராகப் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப் குரூப். செய்தி சொல்ல அது அருமையான வழி. சேமித்து வைக்கத்தான் லாயக்கில்லை. சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவைச் சுருக்கிவிடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் டேப்பில் இருக்கும் எண்கள் தெரியாது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. போன் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எப்போது எடுத்தது, எந்த போனில் எடுத்தது என்ற விவரம் ஒளிந்திருக்கும். லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பதும் இருக்கும். ‘எக்ஸிஃப்’ என்று பெயர். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரம் கழன்றுவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்வு செய்து அனுப்பினால் அப்படியே போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

ஆக, படங்கள் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி ஒரு பொது இடத்துக்குப் போக வேண்டும். இலவசமாகக் கிடைப்பது கூகுளில் 15 ஜி.பி, ஒன்டிரைவில் 5 ஜி.பி, டிராப்பாக்ஸில் 2 ஜி.பி. கூகுளின் 15 ஜி.பி-யை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும். 2021 ஜூன் 1-க்கு முன்பு கூகுள் போட்டோஸில் ‘ஹை குவாலிட்டி’ படங்களைக் கணக்கில்லாமல் ஏற்றலாம் என்றிருந்தது. அந்தக் காலம் போயே போச்சு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 40 படங்கள், ஒரு படம் சுமார் 4 எம்.பி என்று வைத்தால் தினம் 160 எம்.பி. மாதம் 25 வேலை நாள்கள் என்றால் 15 ஜி.பி நான்கு மாதம்கூடத் தாங்காது. இதில் வீடியோ சேரவில்லை. இடம் நிரம்பிவிட்டால் அந்தக் கணக்குக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். கொட்டேஷன் கேட்டு வந்த மெயிலும்தான்!

ஃபோல்டர் முதலாளியோடது... போட்டோ யாரோடது?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதலாளி தன் ஜிமெயிலில் டிரைவ் ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, பணியாளர்கள் எல்லோருக்கும் ஷேர் செய்கிறார். அவர்களும் ஒழுங்காகப் படங்களை ஏற்றுகிறார்கள். எல்லாம் கம்பெனி ஃபோல்டரில் பத்திரமாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஆனால், சாதாரண ஜிமெயில் கணக்குகளைப் பொறுத்தவரை, ஒரு ஃபைலை யார் ஏற்றினாரோ அவர்தான் அதன் ‘ஓனர்’. ஃபோல்டர் யாருடையது என்பது பொருட்டே இல்லை. இடமும் ஏற்றியவரின் 15 ஜி.பி-யில்தான் கழியும். அவர் வேலையை விட்டுப் போய், ‘இதெல்லாம் இனி எதுக்கு’ என்று தன் டிரைவைச் சுத்தம் செய்தால் கதை முடிந்தது. குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் இருக்கும், பிறகு யாருக்கும் கிடைக்காது. சண்டை போட்டுக்கொண்டு போனவர்தான் அழிப்பார் என்றில்லை. மகளின் பிறந்தநாள் வீடியோவுக்கு இடம் வேண்டும் என்று அழிப்பவர் என்ன தவறு செய்தார்? அது அவருடைய இடம்!

இதற்கு வழிகள் உண்டு. மாதக் கட்டணம் கட்டி கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கினால் ‘ஷேர்டு டிரைவ்’ என்ற வசதி கிடைக்கும். அதில் போடும் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் படம் இருக்கும். வாங்கும் திட்டத்தில் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள், கம்பெனி பெயரில் தனி ஜிமெயில் தொடங்கி, சைட்டுக்கென்றே வைத்திருக்கும் ஒரு போனில் அந்தக் கணக்கை மட்டும் போட்டுவிடலாம். அதுவும் முடியாதென்றால், ஆபீஸில் இருப்பவர் வாரம் ஒருமுறை கம்பெனி கணக்கில் நுழைந்து, பணியாளர்கள் ஏற்றிய படங்களைத் தேர்ந்தெடுத்து ‘மேக் எ காப்பி’ கொடுக்க வேண்டும். அந்த நகல் கம்பெனி கணக்குக்குச் சொந்தமாகிவிடும். சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.

சிமென்ட் கையோடு பெயர் வைக்க முடியுமா?

ஃபோல்டர் அமைப்பு என்றதும் சிலர் உற்சாகமாகி வருடம், மாதம், ஏரியா, மாடி, அறை என்று ஏழு அடுக்கு கட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர் ஏழு அடுக்கு இறங்கிப் படம் போட மாட்டார். ஒரு சைட்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நாலைந்து கட்டங்கள். உதாரணமாக, வேலைக்கு முன், பைப் பதித்தது, பூச்சுக்கு முன், முடிந்தது. இது போதும்.

ஃபோல்டர் பெயரில் வருடத்தை முதலில் எழுதுங்கள்: ‘2025-03-14 அண்ணாநகர் மாடி வீடு’. நாளை முதலில் போட்டால் ஜனவரி 14-ம் மார்ச் 14-ம் அடுத்தடுத்து நிற்கும். வருடம், மாதம், நாள் என்று போட்டால் தானாகவே வரிசையாகிவிடும். ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘ஃபைனல்’ என்ற பெயர்களைத் தடைசெய்வது நல்லது.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்றச் சொல்வது நடக்காத காரியம். அதற்கு சினிமாக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. கிளாப் போர்டு! ஒரு சிலேட்டில் அல்லது அட்டையில் சைட் பெயர், அறை, தேதி எழுதி முதல் படமாக எடுத்துவிட வேண்டும். அடுத்த சிலேட் வரும்வரை உள்ள படங்கள் எல்லாம் அந்த அறைதான். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

எடுக்கும் விதமும் முக்கியம். பைப்பை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் பிறகு எதற்கும் உதவாது, எந்தச் சுவர் என்றே தெரியாது. முதலில் கதவு, ஜன்னல் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. பிறகு சுவரின் மூலையிலிருந்தும் தரையிலிருந்தும் டேப்பைப் பிடித்து, எண் தெரிய ஒன்று. தரை போடுவதற்கு முன் எடுத்தால், தரை மட்டம் எங்கே வரும் என்று சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

அது இன்னொருவர் வீடு

சைட் போட்டோவில் பைப் மட்டும் விழுவதில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டில் வேலை என்றால் பூஜை அறை, பீரோ, கொடியில் காயும் துணி, குழந்தையின் ஸ்கூல் ஐ.டி கார்டு எல்லாம் பின்னணியில் வந்துவிடும். அந்த ஃபோல்டரை ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று திறந்துவைத்தால், அந்த லிங்க் எத்தனை குரூப்புக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆள்களின் மெயில் முகவரியைச் சேர்த்து மட்டுமே ஷேர் செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே எடுத்துவிட வேண்டும். தனிப்பட்ட டிஜிட்டல் தகவல்களைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ‘எங்கள் வேலை’ என்று போடுவதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதையும்கூட.

விவகாரம் கோர்ட் வரை போனால்? 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்‌ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி டிஜிட்டல் ஆவணங்களுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால், எடுத்த போனில் இருக்கும் அசல் படத்தையும் அவசரப்பட்டு அழித்துவிடாமல் இருப்பது நல்லது. பெரும்பாலான தகராறுகள் வீட்டு ஹாலிலேயே முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கிளவுடில் இருக்கிறது என்பதற்காக அது பேக்கப் ஆகிவிடாது. ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் எல்லோர் போனிலும் சேர்ந்தே மறையும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கைக் கூகுளே நீக்கவும் வாய்ப்பிருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்கி, ஆபீஸில் வைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

சில கான்ட்ராக்டர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். சாவியை ஒப்படைக்கும் நாளில், பூச்சுக்கு முன் எடுத்த படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, ‘பாத்ரூம், கிச்சன், மோட்டார் லைன்’ என்று எழுதி வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கீசர் மாட்ட ஆள் வரும்போது போன் போட வேண்டிய வேலையே இல்லை. பென் டிரைவை எந்த டிராயரில் வைத்தோம் என்று தேடுவது மட்டும் வீட்டுக்காரர் பாடு!